டப்பாவில் மீதி எவ்வளவு?

“போன மாசம் போட்டதையே போட்டு அனுப்பிருங்க.” மாதம் பிறக்கும் வாரத்தில் காரைக்குடி, தேவகோட்டை மளிகைக் கடைகளின் தொலைபேசியில் அடிக்கடி கேட்கிற வரி இது. கடைக்காரரும் “சரிங்க ஆச்சி” என்று பழைய பில்லை எடுத்துப் பையனிடம் கொடுத்துக் கட்டச் சொல்லிவிடுவார். மாலைக்குள் சாமான் வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் வேலை மிச்சம். ஆனால் மாதச் சாமானுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி வைத்துக்கொண்டு, இருபதாம் தேதிக்குள் அதைத் தாண்டிவிடுகிற வீடுகளில் ஓட்டை எங்கே என்று தேடினால், சுற்றிச் சுற்றி இந்த ஒரு வரியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

விலைவாசியைக் காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியை மத்திய அரசு 20 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதும் பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் ஏறின. 2025-இல் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் ஏறிய ஏற்றம் எல்லா அடுப்படிகளையும் தொட்டது. ஆனால் அதே 2025-இல் துவரம்பருப்பு விலை இறங்கவும் செய்தது. அப்போது உங்கள் வீட்டுப் பருப்புச் செலவு இறங்கியதா என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. எவ்வளவு பருப்பு வாங்கினோம் என்பதுதான் பில்லில் இருக்கிறது. எவ்வளவு பருப்பு செலவானது என்பது எங்கும் இல்லை. வாங்கியதையும் செலவானதையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு போடுகிற பட்ஜெட் எத்தனை கண்டிப்பாகப் போட்டாலும் நிற்காது என்றுதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது.

இதைச் செட்டிநாட்டில் உட்கார்ந்து சொல்லவேண்டியிருப்பதுதான் உறுத்துகிறது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தவர்கள், பெட்டியடியில் அன்று இருந்த பணத்தைப் பார்த்து லாப நட்டம் சொன்னவர்கள் இல்லை. குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று ஒழுங்காக எழுதி, கடல் கடந்து ஊருக்குக் கணக்கு வந்துகொண்டிருந்தது. வரவும் பற்றும் எழுதி மீதியைக் காட்டாத கணக்கைக் கணக்கென்றே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்குள்ளும் சாமான் வைக்கிற உக்கிராண அறைச் சாவி ஓர் ஆச்சியின் கையில் இருந்தது. அன்றன்றைக்கு வேண்டியது அளந்துதான் அடுப்படிக்குப் போனது. இப்போது அளக்கிற பழக்கம் போய்விட்டது, பில் மட்டும் இருக்கிறது.

இருப்பு எடுப்பது

கணக்கு ஒரே வரி. மாதத் தொடக்கத்தில் இருந்த இருப்போடு, வாங்கியதைக் கூட்டி, மாதக் கடைசியில் மீதி இருப்பதைக் கழித்தால் வருவது செலவு. நான்கு பேர் உள்ள வீட்டின் துவரம்பருப்பை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் டப்பாவில் 700 கிராம். கடையில் வாங்கியது 3 கிலோ. ரேஷனில் வந்தது 1 கிலோ. மாதக் கடைசியில் மீதி 1.6 கிலோ. ஆக, செலவு 3.1 கிலோ. அடுத்த மாதத்துக்கு வேண்டியது இந்த 3.1 கிலோவும், முன்னெச்சரிக்கையாக ஒரு வாரத்துக்கு முக்கால் கிலோவும், மொத்தம் 3.85. கையில் இருக்கும் 1.6-ஐயும், வரப்போகும் ரேஷன் ஒரு கிலோவையும் கழித்தால் கடையில் வாங்க வேண்டியது ஒன்றேகால் கிலோ. “போன மாசம் போட்டதையே” என்று சொன்னால் வந்து இறங்குவது 3 கிலோ. இந்த ஒரே சாமானில் ஒன்றேமுக்கால் கிலோவுக்கான பணம் பரணில் போய்த் தூங்குகிறது. அடுத்த மாதமும் அதே வரியைச் சொன்னால் வண்டு வந்த பிறகுதான் தெரியும்.

செய்முறை கடினமில்லை. 10 கிலோ வரை காட்டும் மின்னணுத் தராசு ஒன்று போதும். 5 கிராம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு டப்பாவும் காலியாகும்போது, மூடியோடு சேர்த்து வெறும் எடையைப் போட்டு, அடியில் மார்க்கர் பேனாவால் எழுதிவிட வேண்டும். அதன் பிறகு சாமானைக் கொட்டி அளக்க வேண்டியதே இல்லை. டப்பாவை அப்படியே தராசில் வைத்து, அடியில் எழுதியதைக் கழித்துக்கொள்ளலாம். சாமான் வாங்கப் போகிற நாளுக்கு முந்தின இரவு இதைச் செய்வது நல்லது. சாமான் வந்து டப்பாவில் கொட்டிய பிறகு எடுக்கிற இருப்பால் எந்தப் பயனும் இல்லை, லிஸ்ட் ஏற்கெனவே போய்விட்டது.

எல்லாவற்றையும் நிறுக்க வேண்டாம். கடுகு, வெந்தயம், உப்பு, பெருங்காயம் இவற்றைக் கண்ணால் பார்த்தால் போதும். பணத்தை இழுப்பவை பத்துப் பன்னிரண்டு சாமான்கள்தான்: அரிசி, இட்லி அரிசி, துவரை, உளுந்து, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, மூன்று வகை எண்ணெய், சர்க்கரை, காபித்தூள் அல்லது தேயிலை, நெய். அரிசியை மூட்டையோடு தூக்கி நிறுப்பது வீண் வேலை. வீட்டில் அளக்கிற டம்ளரோ ஆழாக்கோ எதுவானாலும் அதில் தலைதட்டிப் பத்து முறை அளந்து, மொத்தமாக நிறுத்து, பத்தால் வகுத்துவிட்டால் ஒரு அளவுக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். பிறகு நாளுக்கு எத்தனை அளவு போடுகிறோம் என்று காலண்டரில் ஒரு எண் எழுதினால் மாதக் கணக்கு வந்துவிடும். குவித்து அளப்பதா தலைதட்டி அளப்பதா என்பதை மட்டும் வீட்டில் உள்ள எல்லோரும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் குவித்தும் ஒருவர் தட்டியும் அளந்தால் எண் ஒன்றாக இருக்கும், அரிசி வேறாக இருக்கும்.

தப்பு நேர்கிற இடங்களும் எல்லா வீட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஒரே சாமான் இரண்டு இடத்தில் இருக்கும்: அடுப்படி டப்பாவில் ஒரு பங்கு, பரணில் ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டில் ஒரு பங்கு. இரண்டாவது கணக்கில் வராது. அடுத்தது, மாத நடுவில் தெருமுனைக் கடையில் அரைக் கிலோ உளுந்து, கால் கிலோ சர்க்கரை என்று வாங்குவது. பணம் போனில் போய்விடும், அளவு எங்கும் எழுதப்படாது. இதற்கு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டி, விலை எழுதாமல் அளவை மட்டும் எழுதச் சொன்னால் வீட்டில் எல்லோரும் எழுதுவார்கள். விலையும் எழுது என்றால் மூன்றாம் நாள் நின்றுவிடும். மூன்றாவது ரேஷன். தமிழ்நாட்டில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் சில மாதங்களில் இருப்பு வரத் தாமதமாகும். கைக்கு வந்து சேர்ந்த பிறகே அதை வரவில் எழுத வேண்டும். ஒரு வார முன்னெச்சரிக்கை இருப்பு எதற்கு என்றால் இதற்குத்தான். அதற்கு மேல் வைப்பது பணத்தை முடக்குவது.

ஆண்டுச் சாமானும் மாதப் பணமும்

மாத பட்ஜெட் என்று சொல்லும்போதே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பக்கத்து அடுப்படிக்கு வேண்டிய எல்லாமும் மாதத்துக்கு ஒரு முறை வாங்குவது இல்லை. மிளகாய், மல்லி, புளி மூன்றும் ஆண்டுச் சாமான். மாசி தொடங்கிச் சித்திரை வரை புதுசு வரும், விலையும் தாழ்ந்திருக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய் (2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, இங்கே குண்டு மிளகாய் என்றுதான் கேட்பார்கள்) அப்போதுதான் நல்ல நிறத்தோடு கிடைக்கும். நாளுக்கு ஓர் எலுமிச்சை அளவு, ஏறக்குறைய 30 கிராம், புளி கரைக்கிற வீட்டுக்கு ஆண்டுக்கு 11 கிலோ வேண்டும். கொட்டை எடுத்த புளியின் கணக்கு இது. கொட்டையோடு வாங்கினால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொட்டையும் நாருமாகப் போகும் என்பதையும், தட்டி எடுக்கிற கூலியையும் சேர்த்துப் பார்த்துத்தான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

பங்குனியில் இவற்றை மொத்தமாக வாங்கினால் அந்த மாதத்துப் பட்ஜெட் உடைந்துபோகும். உடைந்ததைப் பார்த்து “இந்தக் கணக்கெல்லாம் நமக்குச் சரிவராது” என்று நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது, ஆண்டுச் சாமானுக்கு ஆகும் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனியே எடுத்து வைப்பது. பங்குனிச் செலவு அந்தப் பணத்திலிருந்து போகும். மாதத் தொகையைத் தொடாது. முதல் ஆண்டு மட்டும் இது பாரமாக இருக்கும், ஏனென்றால் அப்போது சில்லறையாகவும் வாங்க வேண்டும், சேர்க்கவும் வேண்டும். அதைத் தாங்க முடியாதவர்கள் புளியை மட்டும் முதலில் ஆண்டுக்கு மாற்றலாம். மூன்றிலும் கெட்டுப்போகும் பயம் குறைந்தது அதுதான். கல்லுப்பை அடுக்கடுக்காகத் தூவிப் பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அழுத்தி வைத்தால் ஆண்டு தாண்டியும் நிற்கும். புளிப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால் அலுமினியப் பாத்திரம் கூடாது.

மிளகாயில்தான் கவனம். குண்டு மிளகாய்க்குத் தோல் தடிப்பு. வெளியே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். கையில் எடுத்துக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும். காம்போடு வைத்து, அரைக்கக் கொடுக்கும் முன்தான் காம்பு கிள்ள வேண்டும். உள்ளே வெண்மையாகப் பூசணம் பூத்த மிளகாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலை கொடுத்து வாங்கியது என்று மற்றதோடு சேர்த்து அரைக்காதீர்கள். மல்லிக்கு வண்டுதான் எதிரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு, சூடு ஆறிய பிறகு டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து அதுவே கெடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறானவை கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, ஏலம், கிராம்பு, கசகசா. இவை மணத்துக்காக வாங்குவது. மணம் போனால் வாங்கியதே வீண். கல்பாசி எடையே இல்லாதது. 25 கிராம் பார்த்தாலே ஒரு கை நிறைய இருக்கும். ஞாயிறு ஒரு நாள் கறி சமைக்கிற வீட்டுக்கு இவை 25, 50 கிராம் பொட்டலங்களாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். ஆனால் பழைய லிஸ்டை அப்படியே அனுப்புகிற வீடுகளில், எப்போதோ ஒரு விருந்துக்காக எழுதிய 100 கிராம் கசகசா மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். லிஸ்டில் ஏறிய பெயர் தானாக இறங்காது. இருப்பு எடுக்கும் இரவில்தான் அது கண்ணில் படும்.

கிலோவா, லிட்டரா, 26-ஆ

அரிசி மூட்டையைப் பற்றி ஒரு குறிப்பு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான முன்கூட்டியே பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 25-க்கு மேல் போனால் அந்த வரி இல்லை. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. இன்னும் பலர் பழக்கத்தில் மூட்டை விலையை 25-ஆல் வகுத்துப் பார்க்கிறார்கள். 1,560 ரூபாய் மூட்டையை 25-ஆல் வகுத்தால் கிலோ 62.40; 26-ஆல் வகுத்தால் 60. கடைக்குக் கடை விலையை ஒப்பிடும்போது, முதலில் மூட்டையில் அச்சிட்டிருக்கும் எடையைப் பாருங்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள புதுவயல் அரிசி மில்லில் நேரே வாங்குகிறவர்கள் நெல் எப்போது அறுத்தது என்று கேட்டு வாங்க வேண்டும். தை, மாசியில் வருகிற புது அரிசி குழையும், சோறு காணாது. ஆறு மாதமாவது கிடந்த நெல்லின் அரிசி தண்ணீர் கூடுதலாகக் குடித்து நிறையக் காணும். மாசியில் அளவு எண்ணிக்கை திடீரென்று ஏறினால் வீட்டில் யாரும் கூடுதலாகச் சாப்பிடவில்லை, மூட்டை மாறியிருக்கிறது என்று அர்த்தம். ரேஷனில் விலையில்லாமல் வருகிற அரிசி, முன்னுரிமை அல்லாத அட்டைக்கும் ஆட்களைப் பொறுத்து 12 முதல் 20 கிலோ வரை உண்டு. சோற்றுக்குப் பிடிக்காவிட்டாலும் அதன் புழுங்கல் அரிசி இட்லி தோசைக்கு நன்றாகவே வரும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு இட்லி அரிசி சேர்த்துக்கொண்டால் போதும். மாதம் நாலைந்து கிலோ இட்லி அரிசி வாங்குவது பெருமளவு குறையும்.

எண்ணெயில் நடப்பது அளவுக் குழப்பம். மரச்செக்கு எண்ணெயை ஒரு கடையில் கிலோவுக்கும் இன்னொரு கடையில் லிட்டருக்கும் விலை சொல்வார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். கிலோ விலையை 0.91-ஆல் பெருக்கினால் லிட்டர் விலை வரும். கிலோ 300 ரூபாய் என்றால் லிட்டர் 273. பக்கத்துக் கடையில் லிட்டர் 285 என்றால், கேட்பதற்குக் குறைவாக இருந்தாலும் அதுதான் விலை கூடுதல். கடலை எண்ணெய் சுத்தமானதா என்று விலையை வைத்தே ஓரளவு கணிக்கலாம். செக்கில் ஒரு கிலோ எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ கடலைப் பயறு வேண்டும். அன்றைய பயறு விலையை இரண்டேகாலால் பெருக்கி, புண்ணாக்குக்குக் கிடைக்கும் பணத்தைக் கழித்துப் பாருங்கள். அதற்கும் கீழே எண்ணெய் விற்றால் வேறு ஏதோ கலந்திருக்கலாம். பாக்கெட் எண்ணெயில் லிட்டர் போலவே தெரிகிற 850, 800 மில்லி உறைகள் வந்துவிட்டன. பாக்கெட் பொருட்களில் ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ ஆகும் அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகள் சொல்கின்றன. எழுத்து சிறிதாக இருந்தாலும் ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

செலவைப் பிடிக்க எண்ணெய்க்கு ஒரு தனி வழி உண்டு. நான்கு பேருக்கு மாதம் 3 லிட்டர் என்று முடிவு செய்தால், ஒரு லிட்டர் தூக்கு ஒன்றைப் பத்து நாளுக்கு ஒரு முறை மட்டும் நிரப்ப வேண்டும். ஏழாம் நாளே அடி தெரிந்தால் மீதி மூன்று நாளைக்கு இளங்குழம்பு, மண்டி, ரசம், கூட்டு. முப்பதாம் நாள் தெரிவதைவிட ஏழாம் நாள் தெரிவது நல்லது, அப்போது இன்னும் செய்வதற்கு ஏதாவது இருக்கும்.

பல்லவனில் ஏறும் பை

இருப்பு எடுத்து, ஆண்டுச் சாமானைத் தனியாக்கி, விலையையும் சரியாக வகுத்த பிறகும் சில வீடுகளில் கணக்கு உதைக்கும். இங்கேதான் எனக்கு இந்த விஷயமே திரும்புவதாகத் தெரிகிறது. உளுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். முறையாக இருப்பு எடுத்ததில் மாதச் செலவு 3.4 கிலோ என்று வந்துவிட்டது. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது மிக அதிகம். உடனே வருகிற முடிவு, இட்லி தோசையைக் குறைப்போம் என்பதுதான். குறைக்கிறார்கள். வயதானவர்கள் இரவுக்கு என்ன சாப்பிடுவது என்று மனக்கசப்பு வருகிறது. மாதக் கடைசியில் பார்த்தால் 3.4 என்பது 3.1 ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

ஏனென்றால் அந்த உளுந்து இட்லிக்குப் போகவில்லை. சென்னையில் இருக்கும் மகனுக்கு இட்லிப் பொடி, பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வடகம், பேத்திக்குத் தேன்குழல். காரைக்குடியிலிருந்து விடிகாலையில் புறப்படுகிற பல்லவன் ரயிலில் ஏறும் பைகளைப் பார்த்தால் இது தெரியும்: குழம்புப் பொடி, பருப்புப் பொடி, வத்தல், கைமுறுக்கு, சீப்பு சீடை. அரைக் கிலோ இட்லிப் பொடிக்கு உளுந்தும் கடலைப்பருப்புமாக 350 கிராமுக்கு மேல் போகும். தேன்குழல் போன்ற பலகாரம், போட்ட மாவின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெயைக் குடிக்கும். இரண்டு பேர் வீட்டுக் கணக்கில் மூன்று வீட்டுச் சமையல் நடக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதை யாரும் செலவாக நினைப்பதில்லை, நினைக்கவும் கூடாது. ஆனால் எழுத வேண்டும். எழுதாததால் அந்தப் பாரம் முழுவதும் வயதான இருவரின் தட்டில் விழுகிறது. அவர்கள் சாப்பாட்டைக் குறைத்துப் பிள்ளைகளின் பையை நிரப்புகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது. மாத பட்ஜெட் பேச்சில் இதைவிட வருத்தம் தருவது எனக்கு வேறு இல்லை.

ஆகவே செலவுப் பக்கத்தில் மூன்று பத்தி வேண்டும்: வீடு, விசேஷம், கொடுத்துவிட்டது. டப்பாவிலிருந்து மாவுக்கோ பொடிக்கோ எடுக்கும்போது அளந்து, எந்தப் பத்தி என்று அலமாரித் தாளில் எழுதிவிட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தச் செலவிலிருந்து விசேஷம், கொடுத்துவிட்டது என்ற இரண்டு பத்தியையும் கழித்தால் மீதி வீட்டுச் செலவு. அந்த உளுந்துக் கணக்கு இப்படிப் பிரியலாம்: வீட்டுக்கு 1.5, விசேஷத்துக்கு 0.7, கொடுத்துவிட்டது 1.2. வீட்டுச் செலவு 1.5 என்று கண்ணால் பார்த்த பிறகு இட்லியைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. கொடுத்துவிட்டதற்கு என்ன செய்வது என்பது அந்தந்த வீட்டின் விருப்பம். சம்பாதிக்கிற பிள்ளைகள் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் அந்தப் பத்திக்கென்று ஒரு தொகையைச் சேர்த்து அனுப்பலாம். கேட்கத் தயங்குகிற பெற்றோருக்கு நோட்டில் இருக்கும் எண் உதவும். இதைப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால், பெற்றோர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

விசேஷப் பத்திக்கும் ஆண்டுச் சாமானின் முறைதான். இந்தப் பக்கம் விசேஷம் இல்லாத மாதம் அரிது. ஆடிக்குக் கும்மாயம், ஐப்பசியில் தீபாவளிப் பலகாரம், திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து வரும் பிள்ளையார் நோன்புக்கு இழை மாவும் பணியாரமும், தையில் வீட்டுப் பொங்கலோடு நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல், பழனிக்கு நடப்பவர்களுக்குக் கட்டிக் கொடுப்பது, மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வந்து இறங்கும் உறவு, இடையில் முன்னோருக்குப் படைக்கிற குடும்பப் படைப்பு. “இந்த மாசம் விசேஷம் இருந்துச்சு, அதான் கூடிப்போச்சு” என்று பன்னிரண்டு மாதமும் சொல்ல முடியும் என்றால் அது தவறாமல் வருகிற செலவு, அதற்கும் தொகை ஒதுக்க வேண்டும். ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து எடுத்து வையுங்கள்.

விசேஷச் சாமானை வாங்கும்போது பலகாரத்தின் அளவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். வெள்ளைப் பணியாரத்துக்கு ஓர் உழக்குப் பச்சரிசி அளந்து, அதே உழக்கின் மேல் கோபுரமாக உளுந்து என்று பெரியவர்கள் அளவு சொல்வார்கள். ஒருமுறை அந்தக் கோபுரத்தைத் தராசில் வைத்து எழுதிக்கொண்டால், பத்துப் பேருக்கும் முப்பது பேருக்கும் எவ்வளவு என்று பெருக்கிக்கொள்ளலாம். விசேஷம் முடிந்து மிஞ்சும் மைதா, வெல்லம், முந்திரி, நெய் ஆகியவற்றை அன்றாட டப்பாக்களில் கொட்டாதீர்கள். கொட்டிவிட்டால் அவை தினச் சமையலோடு கலந்து, அடுத்த மாதத்து அளவும் ஏறிவிடும். தனி டப்பாவில் வைத்து, அடுத்த விசேஷத்தின் தொடக்க இருப்பாக எழுதிக்கொள்ள வேண்டும்.

மற்றவை

காய்கறி, பால், மீன், கறி இவற்றை மாதத் தொகையோடு சேர்க்காமல் வாரத் தொகையாக வைத்துக்கொள்வது நல்லது. விலை வாரத்துக்கு வாரம் ஆடும், இருப்பும் வைக்க முடியாது. சின்ன வெங்காயத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். மழை மாதங்களில் அது ஏறும்போது சாம்பார், கூட்டு, பொரியலுக்குப் பல்லாரிக்கு (பெரிய வெங்காயத்துக்கு) மாறிவிட்டு, வத்தக்குழம்புக்கும் உப்புக்கறிக்கும் மட்டும் சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டால் பாதி அளவில் ஓட்டலாம். பிளாஸ்டிக் பையோடு மூலையில் வைத்தால் நான்கு நாளில் முளைக்கும், அழுகும். காற்றுப்படும் கூடையில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும்.

சோப்பு, பற்பசை, ஷாம்பு இவற்றை மளிகை பில்லிலேயே வாங்கினாலும் கணக்கில் பிரித்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு ஆகியவற்றுக்கும் பிஸ்கட்டுக்கும் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகவும், நெய், வெண்ணெய்க்கு 12-லிருந்து 5 ஆகவும் இறங்கியது. வரியோடு 118 ரூபாய்க்கு விற்றது 105-க்கு வர வேண்டும். தொகையைப் பழையபடியே வைத்திருந்தால், இறங்கிய பணம் பில்லுக்குள்ளேயே வேறு ஏதாவது ஒன்றாக மாறியிருக்கும். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகர்ப்புற வீடுகளின் மொத்தச் செலவில் 11 சதவீதம் பானங்கள், தின்பண்டங்கள், பதப்படுத்திய உணவு என்ற ஒரே இனத்துக்குப் போகிறது. உணவு இனங்களில் அதுதான் பெரியது. பேக்கரியில் வாங்கும் பப்ஸ், இரவு பரோட்டாப் பார்சல் எல்லாம் மளிகை நோட்டில் ஏறாமல் கைக்காசில் போகிறவை. அவற்றையும் மாதம் ஒருமுறையாவது ஒரு தொகையாக எழுதிப் பார்க்க வேண்டும்.

மாதத் தொகையை முதல் மாதமே நிர்ணயிக்க வேண்டாம். மூன்று மாதம் இருப்பு மட்டும் எடுத்து, அவற்றின் வீட்டுப் பத்தி அளவுகளின் சராசரியை அன்றைய விலையால் பெருக்கினால் வருவதுதான் உங்கள் வீட்டின் தொகை. விலை மாறும்போது அளவைத் தொடாமல் தொகையை மட்டும் மாற்றி எழுதலாம். அளவு மாறினால் ஏன் என்று கேட்க வேண்டும். நடு மாதத்தில் தொடங்குகிறவர்கள் அடுத்த ஒன்றாம் தேதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. துவரை, உளுந்து, சர்க்கரை, கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகிய ஐந்தை மட்டும் இன்று இரவு நிறுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். முப்பது நாள் கழித்து அதே ஐந்தை மறுபடி நிறுத்துவிட்டு, அதன் பிறகு கடைக்கு லிஸ்ட் அனுப்புங்கள்.